கடையேட்டுக் காவலரின் உடையாத முத்திரை

நெடுங்கரை நாடு வாழ்க. அதன் துறைகளில் கலங்களும், அதன் மண்டபங்களில் நல்ல கேள்வியும் குறையாதிருக்க. கதை கேட்பதற்கென்றே தனி மண்டபம் எழுப்பிய அரசியார் நிலமங்கை தேவியாரின் திருமுன், வெண்கோட்டு நாட்டுக் கடையேட்டுக் காவலர் மருதங்கிழார் எழுதுவிக்கும் ஓலை.

இதில் சொல்லப்படும் காரியம் நடந்தபோது சபையில் இருந்தோர்: மன்னர் செங்கோடவர்மர், படைத்தலைவர் கண்டன் காரி, தேவியாரின் தூதர் பொறையனார், ஏடு வாசித்த நாவினியார், கிழாரின் மருமகள் சோலைநங்கை, கிழார். வேறெவரும் அங்கில்லை. ஆகவே வேறெவர் சொல்லும் சாட்சியாகாது.

கொலையும் களவும் நிறைந்த கதைகளில் வெண்கோட்டார் விரும்பிக் கேட்பவை எவை எனத் தேவியார் முன்பே கேட்டனுப்பியிருந்தார். அதற்கு விடை எழுதும் வேளையில்தான், உங்கள் நாட்டுக் கதை ஒன்றின் முடிவைக் களவாக அறிந்தாள் என்று சோலைநங்கையும், அதைச் சொல்லிக் கொடுத்தார் என்று பொறையனாரும் நெடுங்கரையில் பழிக்கப்படுவதும், பொறையனார் காவலில் வைக்கப்பட்டிருப்பதும் கிழாரின் செவிக்கு எட்டின. ஆயினும் கேட்டதற்கு விடை சொல்லாமல் தம் வழக்கைப் பேசுவது அவர் குடிக்கு அழகன்று.

முதலில் அனுப்புவது ‘உப்பளத்து ஐவர்’. ஐந்து பேர் உப்பு மூட்டைகளோடு ஓர் ஓடத்தில் ஏறுகிறார்கள். கரை சேரும்போது ஒருவன் விலாவில் கத்தியோடு கிடக்கிறான். அவன் தூங்குவதாகவே நினைத்தோம் என்று மற்றவர்கள் சத்தியம் செய்கிறார்கள். அவர்களில் ஒருவனைத் தவிர எல்லோரும் உண்மையே சொல்கிறார்கள் என்பதுதான் அதன் கொடுமை. அதைக் கேட்டது முதல் கிழார் ஓடத்தில் எவருக்கும் முதுகைக் காட்டி அமர்ந்ததில்லை.

அடுத்தது ‘சாயத்தொட்டியில் ஒரு கை’. தலைப்பைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அதில் இரத்தம் துளியும் இல்லை. பொன்வணிகர் வீட்டுத் திருமணப் பகுதி சற்று நீளம்தான். பொறுத்துக் கேட்டால், நீலம் ஏறிய கையைச் சால்வைக்குள் மறைத்தபடி ஒருவன் விருந்துக்கு வரும் இடத்தில் அந்தப் பொறுமைக்கெல்லாம் பலன் கிடைக்கும்.

இரண்டிலும் குற்றவாளியின் பெயர் வரும் கடைசி ஏடு தனியே கட்டி முத்திரையிடப்பட்டுள்ளது. எங்கள் நாட்டில் அந்த ஏட்டைக் காப்பது தலைமுறை தலைமுறையாகக் கிழாரின் குடி. கேட்போர் ஒவ்வொருவரும் தாம் ஐயுறும் பெயரை ஓர் ஓலை நறுக்கில் எழுதிச் சுருட்டி, களிமண்ணால் மூடி, மன்னரின் கணையாழி பதித்துக் குடத்தில் இட்ட பிறகே கடையேடு பிரிக்கப்படும்.

இனி வழக்கு. வாசித்த கதைகளிலெல்லாம் சோலைநங்கை குற்றவாளியைச் சரியாகச் சொல்லி வந்ததைக் கண்ட காரி, இது காதின் திறமையன்று, கையின் திறமை என்றும், கடையேடுகள் இருக்கும் பேழையின் திறவுகோல் எந்த வீட்டில் தொங்குகிறது என்பதைச் சபை மறக்க வேண்டாம் என்றும் மன்னர் முன் சொன்னார். அச்சொல் கிழாரை வாளைவிட ஆழமாக அறுத்தது. அவர் இடுப்பிலிருந்த திறவுகோலை அவிழ்த்து அரியணையின் கீழ் வைத்து, இந்நாட்டில் எவரும் கேட்டிராத கதை ஒன்றை வாசிக்க வேண்டும் என்றும், அதன் குற்றவாளியைச் சோலைநங்கை சொல்லத் தவறினால் திறவுகோல் தம் குடிக்குத் திரும்ப வேண்டாம் என்றும் விண்ணப்பித்தார்.

பொறையனார் கொண்டு வந்திருந்த ‘தாழிட்ட களஞ்சியம்’ எடுக்கப்பட்டது. அதன் கடையேடு அவர் முத்திரையின் கீழ், அவர் மடியிலேயே இருந்தது. தாழிட்ட களஞ்சியத்துள் நெல்வணிகன் இறந்து கிடக்கும் அக்கதை நெடுங்கரையில் குழந்தைகளும் அறிந்ததாகலின் அதன் முடிவை இங்கே எழுதுவது குற்றமாகாது. வாசிப்பின் நடுவே காரி, ஏட்டைச் சற்று அருகில் காட்டட்டுமா என்று சோலைநங்கையைக் கேட்டார். படைத்தலைவர் தம் மௌனத்தைக் கடன் தந்தால் போதும் என்று அவள் விடை சொன்னாள். மன்னர் சிரித்தார். கிழார் சிரிக்கவில்லை. அவளும் அவரும் தத்தம் நறுக்கைக் குடத்தில் இட்டார்கள்.

பொறையனார் கடையேட்டைப் பிரித்தார். கொன்றவள் வணிகனின் தம்பி மனைவி. சோலைநங்கை தன் நறுக்கின் களிமண்ணை உடைத்தாள், அதே பெயர்.

எவ்வாறு அறிந்தாய் என மன்னர் கேட்க, அவள் சொன்னது இது: அன்று மாலை வணிகன் இறந்தது ஒருவருக்கும் தெரியாது, அவன் உண்ண வருவான் என்றே வீடு காத்திருக்கிறது, ஆனால் இலை போட்ட தம்பி மனைவி அவனுக்கு மட்டும் இலை போடவில்லை. கதை எழுதியவர் இலைகளைக் காரணமின்றி எண்ணிக் காட்டமாட்டார். தாழைப் பற்றி அத்தனை நீளம் எழுதியது, படைத்தலைவர் போன்றவர்கள் தாழையே பார்த்துக்கொண்டிருப்பதற்காக.

காரி எழுந்து, தாம் பேசியது தவறு என்று சொல்லி அமர்ந்தார். அவருக்கு அது பெரிய செயல், ஏற்கப்பட்டது. மன்னர் திறவுகோலைத் தம் கையாலேயே எடுத்துச் சோலைநங்கையிடம் தந்தார். ஆகவே மூன்றாவதாகக் கிழார் பரிந்துரைப்பது உங்கள் ‘தாழிட்ட களஞ்சிய’த்தையே. முடிவு தெரிந்தவர்களும் மறுபடி கேட்கலாம். இம்முறை இலைகளைக் கவனிக்கலாம்.

சபையில் மூத்தவரின் நறுக்கை உடைக்காமல் அவரிடமே திருப்பித் தருவது எங்கள் வழக்கம். அவர் சரியாகச் சொன்னாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவ்வாறு கிழாரிடம் திரும்பிய நறுக்கு, மன்னரின் கணையாழிப் பதிவு கலையாமல், இவ்வோலையோடு வருகிறது. அதைப் பலர் அறிய உடைத்துப் படிக்கச் செய்து, பொறையனாரை அன்றே விடுவிக்க வேண்டும் என்பது கிழாரின் வேண்டுகோள்; வழக்கத்தை மீறி இதை அனுப்புக என்பது மன்னரின் ஆணை. ஏடும் திறவுகோலும் பொறித்த குடிமுத்திரை இட்டது.

பொறையனார் கிழார் வீட்டு விருந்தில் முடிவைச் சொல்லிவிட்டார் என்றும், கிழார் சபையில் செருமிக் காட்டி மருமகளுக்கு அதை உணர்த்தினார் என்றும் உங்கள் துறையில் பேசுகிறார்கள். அது பொய். கிழார் எழுதிய பெயர் களஞ்சியக் காவற்காரன்.