காப்புரிமைக்குப் போன செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சூடாக்காமலே இறுகும் தார்க்கலவை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம். அதற்குக் காப்புரிமை வாங்கித் தரும் வக்கீல் நேற்று ஆய்வகத்துக்கு வந்தார். பின்பக்கம் அந்தக் கலவையால் புதிதாகப் போட்ட பாதையைக் காட்டி, "காஞ்சிருச்சா?" என்றார். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்போடு நின்ற நான், "கல்லு மாதிரி இருக்கு சார்!" என்று ஜம்பமாகக் கால் வைத்தேன். கால் வந்தது. நீங்கள் வாங்கித் தந்த செருப்பு வரவில்லை.

மேலாளர் திட்டுவார் என்று பார்த்தால், "நல்லா ஒட்டுதுங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?" என்று சிரித்தார். செருப்பின் படம் விண்ணப்பத்தோடு போகிறது!

அதே கடையில் இன்னொரு ஜோடி வாங்கி அனுப்புங்கள். அளவுக்கு, வாசலில் கிடக்கும் என் பழைய செருப்பைப் பாருங்கள். 

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அளவு பார்த்துவிட்டு அந்தப் பழைய செருப்பை வாசலிலேயே போட்டுவிடுங்கள் அம்மா, உள்ளே எடுத்துவைத்துவிடாதீர்கள். அது அங்கே கிடந்தால், நான் வீட்டில் இருப்பதுபோலத் தோன்றும்.

உங்கள் மகன்