சரோஜத்தின் முற்றமும் என் வாயும்

ஏப்ரல் 14, செவ்வாய்
காலை எட்டுக்கே வியர்வை. மழைக்குறி இல்லை.

வேலையில் இருந்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், பூமி சூடாகுதுன்னு வீட்டுல சொன்னா, அப்பா ஃபேனப் போடுன்னு சொல்லுதாவ. என்ன செய்ய?" இன்று எனக்கும் அதே நிலைமை.

பக்கத்து வீட்டுச் சரோஜம் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கப் போகிறாள். குவைத்தில் இருக்கும் மகனின் ஆசை. திங்கட்கிழமை ஆள் வரும். முதல் வேலை மாமரத்தை முறிப்பது. இரண்டு வீட்டுக்கும் நிழல் அது ஒன்றுதான். கிணற்றுக்கு மழைத்தண்ணீர் இறங்குவதும் அந்த மண் வழியாக.

துருவம், பனிப்பாறை, கார்பன், எல்லாம் சொன்னேன்.

"ஐஸு உருகுனா எனக்கென்ன டீச்சரே? எங்க வீட்டு ஃபிரிட்ஜுல ஐஸே பிடிக்கல்ல."

நானும் சிரித்துவிட்டேன். தோல்வி.

ஏப்ரல் 16, வியாழன்
சரோஜமும் நானும் ஒரு வீட்டுப் பிரதிஷ்டைக்கு, குடிபுகும் ஜெபத்துக்கு, போனோம். புது வீடு, முற்றமெல்லாம் புது இன்டர்லாக். கல்லில் மண் படக்கூடாதாம். செருப்பெல்லாம் கேட்டுக்கு வெளியே. காலையில் கல்லின் சூடு தெரியவில்லை. ஜெபம், பாட்டு, சாப்பாடு (பாயசம் இரண்டு வகை). வெளியே வந்தால் உச்சி வெயில். விருந்தாளிகள் எல்லாம் ஓட்டம். போதகர் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரே குதி. சரோஜம் பட்டுச்சேலையோடு என் தோளில் தொங்கல்.

"எம்மா, காலு பொள்ளுதே! ஓடுங்க டீச்சரே!"

"நீ பிடிய விட்டாத்தானட்டீ ஓட!"

கேட்டருகே மூச்சு வாங்க நின்றோம். வாய் துறுதுறுத்தது. அடக்கினேன். ஒன்றே ஒன்று கேட்டேன்: "லீவுக்குப் பேரப்பிள்ள வந்தா எங்க வெளையாடும்?"

குனிந்து செருப்பைத் தேடி மாட்டினாள். பஸ்ஸில் அவளாகவே: "சித்திரையில முன்ன இந்தச் சூடு இல்லல்லா? ஏன் டீச்சரே?"

கேட்டுவிட்டாள்! வெயிலில் நிறுத்திய காரைச் சொன்னேன். உள்ளே போன சூட்டை வெளியே வர விடாத கண்ணாடி. நம் புகையும் பூமிக்கு அப்படித்தான். நடுவில் நிறுத்தி, "அப்ப மரத்த முறிச்சா?" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஏப்ரல் 18, சனி
துணி காயப்போடும்போது மதிலுக்கு அப்பால் சரோஜம், போனில் மகனிடம்:

"கல்லு காரு ஏறுக வழிக்கு மட்டும் போரும். மாவு மரம் நிக்கட்டும். ஏலே, ஏசியில இருந்துக்கிட்டு சொல்லாத. நல்ல உச்சைக்கு வந்து வெறுங்காலோட நின்னு பாரு!"

ஈரத் துணியோடு அங்கேயே நின்று சிரித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"எதிர்வீட்டு மேரியும் கல்லு போடப் போறாளாம். நான் பேசிக்கிடுதேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

நாளைக்கு: யாரிடமாவது, "இந்த வருஷ வெயில் உங்களுக்கு எப்படி?" என்று கேள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.