ஆட்டுக்கதையின் மிச்சம்

ஏப்ரல் 18, 1961. செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காயலில் காற்றே இல்லை. நூலகத்தில் பிள்ளைகளுக்கான விடுமுறை வாசிப்பு இன்று தொடக்கம். மாடி அறை. பக்கத்துச் சரக்குக் கோடவுனில் சுக்கு சலிக்கிறார்கள், எல்லோருக்கும் தும்மல். தமிழுக்கு ஒரே ஒரு அலமாரி.

செக்ரட்டரி: "தமிழ் ஆரு வாயிக்கும் டீச்சரே? இங்கத்த பிள்ளைகளுக்கு மலையாளம் போதும்." தவறென்று சொல்ல முடியவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள்.

நான் வைத்த விதிகள்: சனிக்கிழமைதோறும் புத்தகம் திரும்ப வேண்டும். வீட்டில் படிக்கத் தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். திருப்பும்போது என்னிடம் கதை சொல்ல வேண்டும். ராமபாணப் பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகத்தின் நடுவில் வேப்பிலை, நிழலில் காய்ந்தது.

நன்றாகப் படிப்பவர்கள் இருவர். மிளகாய் வியாபாரி ராவுத்தரின் மகள் ஜமீலா. அவர் கோடவுனில் மூட்டை தூக்குபவரின் மகள் செல்லம். ஜமீலா ஓயாத வாய். "அச்சு குத்துற ஆளு வந்தப்ப நான் சாக்குக்குப் பின்னால ஒளிஞ்சுட்டேனே! அத்தா தேடித் தேடி அலுத்து மடுத்துட்டாங்க." மற்றவர்கள் கைதட்டல். அம்மை குத்திக்கொள்ளாததில் இத்தனை பெருமை. ராவுத்தரிடம் சொல்லிக் குத்தவைக்க வேண்டும்.

வாங்க: பசை, சாக்குக்கட்டி, மண்ணெண்ணெய்.

ஏப்ரல் 22. சனி

தலைவலி. செல்லம் செவ்வாயன்று எடுத்துப்போன ஆட்டுக்கதைப் புத்தகத்தைத் திருப்பினாள். பாதிக் கதைதான் சொன்னாள். படகிலிருந்து விழுந்த ஆடு ஒரு தீவில் ஒதுங்குவது வரை.

"மிச்சம்?"

"தம்பி அதுக்குள்ள ஒறங்கிட்டான் டீச்சரே. அவன் இல்லாம நான் மட்டும் வாயிக்கமாட்டேன்."

நடுவில் ஒரு கொத்து வேப்பிலை, பச்சையாக. தாளில் கறை. காய்ந்ததுதான் வைக்க வேண்டும் என்று கடிந்துகொண்டேன். இந்த ஊரில் வேம்பு எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"அம்மா கோயில்லருந்து கொண்டாந்தா."

சொன்னதைச் செய்கிற ஒரு பிள்ளையாவது உண்டே என்று நினைத்துக்கொண்டேன். கையை நீட்டிக்கொண்டே நின்ற ஜமீலாவிடம் புத்தகம் போனது. அச்சு குத்துவதை ராவுத்தரிடம் சொல்ல மறந்தேன்.

ஏப்ரல் 29. சனி

செல்லம் வரவில்லை. ஜமீலா முழுக் கதையும் சொன்னாள், ஆடு மாதிரி கத்திக் காட்டி. தீவில் ஒரு சாயாக் கடை. ஆடு கடன் சொல்லி சாயா குடிக்கிறது. கடைக்காரர் துரத்த, பயந்து நீந்தியே வீடு சேர்கிறது. புரட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் சாயாக் கடை இல்லை. உள்ளதைச் சொல், சேர்க்காதே என்றேன்.

"கடையில்லாம தீவுல அது என்ன பண்ணும் டீச்சர்?"

எல்லோரும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மே 9. செவ்வாய்

ஜமீலாவுக்குக் காய்ச்சல் என்கிறார்கள். முகத்தில் கொப்புளம் என்கிறார்கள்.

மே 11. வியாழன்

பெரியம்மைதான். சுகாதார இன்ஸ்பெக்டர் நூலகத்துக்கே வந்துவிட்டார். கோடவுன் வரிசைக்குப் பின்னால் ஒரு வீட்டில், முந்தின மாதம் நடுவிலிருந்தே ஒரு பையனை மறைத்து வைத்திருந்தார்களாம்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்ன்னு பயந்து பேடிச்சு ஒளிச்சிருக்காங்க. வேப்பிலையில கிடத்தி. இப்ப பையனுக்கு பேதமாச்சு, காய்ச்சல் விட்டுது. அவன் சேச்சி இங்க வாயிக்க வருமாமே?"

செல்லம். அந்தப் பச்சைக் கொத்து பூச்சிக்காக வைத்ததல்ல. தம்பி தூங்கிப்போன இடத்துக்கு அடையாளம், அவன் படுக்கையிலிருந்தே எடுத்தது. அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை என்று எனக்குத் தெரியாதா? நான் தமிழச்சி இல்லையா? நானே வைக்கச் சொன்னதால் எனக்குத் தெரியவில்லை.

"புஸ்தகமெல்லாம் தீ வெக்கணும் டீச்சரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

பின்கட்டில் எரித்தார்கள். ஈரப்பதத்தில் மெதுவாகத்தான் எரிந்தது. எனக்கும் பிள்ளைகளுக்கும் அச்சு குத்தினார்கள். கை வீக்கம்.

மே 15. திங்கள்

செல்லத்தின் பேரை ராவுத்தரிடம் சொன்னால் அவள் அப்பாவுக்கு வேலை போகும். அந்த வரிசையில் அவர்களை யாரும் இருக்க விடமாட்டார்கள். பேரைச் சொல்லவேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டேன். "என் வாயிலருந்து வராது" என்றார். நம்புவதா? ஜமீலாவுக்குக் கொப்புளத்தில் கண்ணும் மூடிவிட்டதாம்.

மே 19. வெள்ளி

ஜமீலா. விடியற்காலையில்.

பள்ளிவாசல் வரை போனேன். வெளியே நின்றேன். வெயில்.

மே 22. திங்கள்

ராவுத்தர் வந்தார். படியேறவில்லை. கீழேயே நின்றார்.

"அந்தப் புக்கு யாரு வீட்டுலருந்து வந்துச்சு டீச்சரம்மா?"

"நான்தான் கொடுத்தேன்."

"உங்களுக்கு முந்தி?"

"அலமாரியிலிருந்து."

நம்பினாரா, தெரியாது. போகத் திரும்பியவர், "புள்ளை அதை நெஞ்சுமேல வச்சுக்கிட்டுத்தான் ஒறங்குச்சு" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். அச்சு குத்தாததைச் சொல்லிக்காட்டலாம் என்று வாய்வரை வந்தது. எதற்கு இனி?

மே 30. செவ்வாய்

நேற்றிரவு முதல் மழை. வாசிப்பு நிறுத்தமென்று செக்ரட்டரி பலகை வைத்துவிட்டார். அலமாரியைப் பூட்டப் போனேன். படிக்கட்டில் செல்லம், நனைந்து. வீட்டைவிட்டு வெளியே விட்டது இன்றுதானாம்.

"தம்பி எழுந்துட்டான் டீச்சரே. முகமெல்லாம் வடு. அந்த ஆடு வீட்டுக்குத் திரும்பிச்சான்னு கேட்டுக் கொல்றான். புஸ்தகம் தாங்க."

"புத்தகம் இல்லை. எரித்துவிட்டார்கள்."

"ஜமீலாவுக்குக் கதை தெரியுமே. அவகிட்டப் போய்க் கேக்கட்டா?"

அவளிடம் யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

உட்காரச் சொன்னேன். நானே கதை சொன்னேன். தீவு, பசி, சாயாக் கடை, கடன், கடைக்காரர் துரத்தியது, நீந்தியது. ஆடு கத்துகிற இடத்தில் கத்த எனக்கு வரவில்லை.

கவனமாகக் கேட்டாள்.

"சாயாக் கடை புஸ்தகத்துல உள்ளதா டீச்சரே?"

உள்ளதுதான் என்றேன்.