கண்ணாடியில் படியாத மூச்சு

கவரைப்பேட்டை,
6-8-1974

அன்புள்ள மாமாவுக்கு,

முத்தம்மாள் எழுதிக்கொண்டது. நானும் குழந்தையும் உடம்புக்குச் சுகமே. என் மனசுதான் சரியில்லை. பாலத்து வேலையில் உயரத்தில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.

இங்கே நல்ல மழை. நாற்று விட்டாயிற்று. என் தம்பி துலுக்காணத்துக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாளே ரயில் நெரிசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான்.

இனி நம் பெண் குணசுந்தரி விஷயம். போன மாதம் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிறவியில் பிளந்திருந்து நாலு வயதில் தைத்த மேல்வாய் நன்றாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் பேசும்போது உள்நாக்குப் பக்கத்துச் சதை எழும்பி, மூக்குக்குப் போகும் வழியை மூட வேண்டுமாம். மூடுகிறதா என்று பார்க்க, மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து 'பப்பா, பப்பா' என்று சொல்லச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்தது. காற்று மூக்கு வழியாக ஒழுகுகிறது, அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்றார்.

அன்றிலிருந்து உங்கள் சவரக் கண்ணாடி அவள் கையை விட்டு இறங்கவில்லை. இந்த வயதிலேயே அலங்காரமா என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். என் புத்தியைப் பாருங்கள்.

நேற்று மறுபடி போனோம். 'பப்பா' என்றாள். கண்ணாடி துடைத்து வைத்தது போல இருந்தது. டாக்டர் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஆவியே இல்லை. வெளியே கூட்டமோ கூட்டம். குரல் சின்னதாக இருக்கிறது, ஆனாலும் தேறிவிட்டாள், ஆபரேஷன் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்ட்ரலில் அவளுக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் நாற்றங்காலில் ஆடு இறங்கியிருந்தது. அதை விரட்ட அவள் போட்ட கூச்சல் பழையபடி மூக்கிலிருந்துதான் வந்தது. உட்கார வைத்துக் கேட்டேன். மூச்சைத் தொண்டையிலேயே அடக்கி, உதட்டை மட்டும் அசைத்துப் பேச மாதம் முழுக்கப் பழகியிருக்கிறாள். 'ஆவி பட்டா ஆபரேஷன், படலன்னா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு தெரியும்மா' என்றாள். ஒன்பது வயதில் டாக்டரையே ஏமாற்றுகிற அளவுக்குப் பயம்.

கத்திக்குப் பயமா என்று கேட்டேன். இல்லையாம். போன தடவை வாயில் கையை விட்டுத் தையலைப் பிரித்துவிடாமல் இருக்க, நர்ஸ் கொடுத்த அட்டையை வைத்து அவள் இரண்டு கையையும் மடக்க முடியாதபடி கட்டி வைத்தேன் அல்லவா? அது அவளுக்கு நினைவிருக்கிறது. கட்டியது நான் என்பதும் நினைவிருக்கிறது. 'திரும்பவும் நீதான கட்டுவ?' என்று கேட்டாள். 'இனிமே நான் பேசவே மாட்டேம்மா. யார் இன்னா கேட்டாலும் தலைய ஆட்டிக்கறேன். டாக்டராண்ட மட்டும் சொல்லாத' என்று என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லாவிட்டால், வயது ஏற ஏற அவள் பேச்சு இப்படியே நின்றுவிடும். டாக்டரே சொன்னார். சொன்னாலோ, போன தடவை ரத்தம் நிற்காமல் அவளை மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்தக் கதவு கண் முன்னால் வந்து நிற்கிறது.

ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். வியாழக்கிழமை தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்ததும் அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ, தெரியவில்லை.

நாள் குறித்ததும் தந்தி கொடுக்கிறேன். மேஸ்திரி காலில் விழுந்தாவது லீவு வாங்கிக்கொண்டு வாருங்கள். திருவாலங்காட்டு ஈசன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து நான் போடுகிறேன். ரத்தம் கேட்டால் நான் கொடுக்கிறேன். அவள் கையைக் கட்ட மட்டும் நீங்கள் வேண்டும். கொஞ்ச நாள் உங்களை வெறுப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள். அழும்போது ஒண்டிக்கொள்ள அவளுக்கு நான் ஒருத்தியாவது மிஞ்ச வேண்டும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
முத்தம்மாள்