குழியை மூடுமுன்

என் அன்பு மச்சாள் தர்சினிக்கு,

அன்று கூட்டத்தில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "வேணாம் மாமி, தண்ணிய இறைக்கச் சொல்லாதீங்க. சைக்கிள் அங்க இல்லாட்டி என்ன செய்வீங்க?"

ஊர்ச் செய்தியைச் சொல்கிறேன். சித்தாண்டிக்குப் பின்னால், மாமி களிமண்ணில் செங்கல் அறுத்த வாடிகள் இப்போது இல்லை. களிமண் வெட்டி வெட்டிப் பள்ளமாய்ப் போன நிலத்தை ஒரு கம்பனி வாங்கிவிட்டது. சுப்பர் மார்க்கெட், உடுப்புக் கடை, மேல்மாடியில் சாப்பாட்டுக் கடை என்று பெரிய கடைத்தொகுதி வருகிறது. நாம் டியூசனுக்குக் குறுக்கால் போன வரம்போரம் இருந்ததே ஒரு குழி, நீ மூழ்கிய குழி, அது வாகனத் தரிப்பிடமாகப் போகிறதாம்.

அதற்கு ஊராரின் சம்மதம் கேட்கத்தான் கூட்டம். மாமி மறுப்பார் என்றே எல்லோரும் நினைத்தோம். வருசா வருசம் உன் நினைவு நாளில் அந்தக் கரையில்தானே சோறு படைத்தார்?

அவர் எழும்பினார். "மூடுங்க தம்பி. இன்னொரு புள்ள விழக் கூடாது. ஆனா தண்ணிய முழுக்க இறைச்சுப்போட்டு மூடுங்க. என்ட புள்ளட சைக்கிள் உள்ள கிடக்கு."

கம்பனிப் பொறியியலாளர், பார்ப்போம் என்றார். எங்களுக்குப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்துக்கொண்டு சொன்னது என் காதில் விழுந்தது.

"எந்தப் பொடியன்ட வீட்டுல துருப்புடிச்சுக் கிடக்கோ."

மாமிக்கும் கேட்டிருக்கும். அவர் திரும்பவில்லை.

உனக்கு இது தெரியாது. அன்று உன்னை மட்டும்தான் எடுத்தார்கள். எத்தனை பேர் சுழியோடித் தேடியும் சைக்கிள் அகப்படவில்லை. அதை வைத்து ஊர் ஒரு கதை கட்டியது: சைக்கிளை எவனிடமோ விட்டுவிட்டு, நடந்து வந்து, நீயாகவே இறங்கினாய் என்று. நான் நம்பவில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் அந்தக் கிழமை முழுக்க நீ என்னோடு சரியாகக் கதைக்கவில்லையே, ஏன்?

பம்ப் ஓடத் தொடங்கியது. நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாமியோடு ஒரே குடைக்குள் நின்றேன். குழியை மூடக் கிறவல் மண் ஏற்றிய டிப்பர் லொறிகள் றோட்டுக் கரையில் காத்து நின்றன. தண்ணீர் இறங்க இறங்கப் போத்தல்கள் தெரிந்தன, ஒரு உடைந்த செங்கல் அச்சு தெரிந்தது. கடைசியில் அடியும் தெரிந்தது. பெக்கோ இயந்திரத்தை இறக்கிச் சேற்றைக் கிளறினார்கள். சைக்கிள் இல்லை.

பொறியியலாளர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பம்பை நிறுத்தச் சொன்னார். நானும் மாமியைப் பார்க்கவில்லை. என்ன சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கரைக்கு அடியில பாக்கல்லையே," என்றார் மாமி.

மேல் மண் செங்கல்லுக்கு ஆகாது, நல்ல களி கீழேதான் இருக்கும். வாடிக்காரர்கள் வரம்பை மேலே விட்டுவிட்டு அடியைக் குகைபோலக் குடைந்து எடுப்பார்களாம். மேலே போகிறவருக்குக் காலுக்குக் கீழே வெறும் இடம் இருப்பது தெரியாது. எனக்கு அன்றுதான் தெரியும்.

பெக்கோவின் வாளி அந்தக் குடைவுக்குள் போனது. முதலில் ஹாண்டில் வந்தது. பிறகு, இடிந்து விழுந்த வரம்புக் கட்டிகளுக்குள் இருந்து முழுச் சைக்கிளும் வந்தது. கரியரில் நீ டியூப் போட்டு இறுக்கிய புத்தகப் பை அப்படியே இருந்தது.

"வரம்பு இடிஞ்சுதான் என்ட புள்ள விழுந்திருக்கா," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் மாமி. பிறகு என் பக்கம் குனிந்தார். "நாங்க குடைஞ்ச வரம்பு, புள்ள."

நீயாக இறங்கினாயா, தாங்கள் குடைந்த வரம்பு இடிந்து விழுந்தாயா, இந்த இரண்டில் எது என்று தெரியாமலா இவ்வளவு காலமும் அவர் சோறு படைத்தார்? எது என்று தெரிந்துகொள்ளத்தானே தண்ணீரை இறைக்கச் சொன்னார்?

நான் ஊர் முன்னால் வாய் திறவாதவள் என்று உனக்குத் தெரியும். இதை எல்லோரும் வாசிக்கவேண்டும் என்றே எழுதுகிறேன். இனி யார் அந்தக் கதையை எடுத்தாலும் எழும்பி நின்று பதில் சொல்லுவேன். அந்தக் கிழமை நீ ஏன் கதைக்கவில்லை என்று இனி உன்னைக் கேட்கவும் மாட்டேன்.

அன்று பின்னேரமே டிப்பர்கள் கிறவலைக் கொட்டின. குழி மூடியாயிற்று. மாமி சைக்கிளைக் கழுவிக் கிணற்றடியில் வைத்திருக்கிறார்.

என்றும்
உன் மச்சாள்