மாப்பிள்ளை வண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நெலி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்பாத்தோவில் குளிர் குறைந்ததா?

போன வாரம் கொசு என்று நினைத்து ஒரு குட்டை இறக்கை வண்டைக் கன்னத்தில் அடித்து நசுக்கிவிட்டேன். அதன் சாறு பட்ட இடம் கொஞ்சம் கொப்புளித்தது. இப்போது ஆறிவிட்டது, பயப்படாதீர்கள்.

இந்தக் காட்டில் நாங்கள் கண்டுபிடித்த, அதே குட்டை இறக்கை வகையைச் சேர்ந்த வண்டுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஆண் வண்டைப் பார்க்காமல் புது இனம் என்று உறுதியாக எழுத முடியாது. ஏழு மாதமாகக் கிடைத்ததெல்லாம் பெண் வண்டுகள்தான். படகோட்டி வில்சன் தினமும் கேலி செய்வார்: "என்ன டாக்டரம்மா, இன்னைக்காவது மாப்பிள்ளை வந்தாரா?" நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பதுதான்.

நேற்றுக் காலை சாப்பிடும்போது என் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது.

"ஐயையோ, அடிச்சிராதீங்க! அசையாதீங்க!" என்று வில்சன் கத்தினார்.

நான் அசையவே இல்லை. காதுவரை ஏறியதை அவர் குப்பியில் பிடித்தார். லென்ஸில் பார்த்தால், ஆண்! "என்னா தைரியம் இந்தம்மாவுக்கு!" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். பதிவேட்டில் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'ஆய்வாளரின் கழுத்து' என்று எழுதினேன்.

படகு கிளம்பப்போகிறது. ஒரு மெல்லிய பருத்தித் துண்டும் நம்மூர் ரொட்டியும் அனுப்புங்கள்.

தைரியமெல்லாம் இல்லை அம்மா. பள்ளிக்கு அனுப்பும்போது காதோர முடியை ஒதுக்கிவிடுவீர்களே, அது ஊர்ந்தது அப்படி இருந்தது. அதனால்தான் அடிக்கவில்லை.

வில்சன் கூப்பிடுகிறார்.

உங்கள் நெலி