ஊறப் போட்ட கடலை

தோஹா தொழில்பேட்டை,
1984 மார்கழி.

அன்புள்ள கமலேஸ்வரிக்கு,

நான் சுகம். நீரும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க முருகனை மன்றாடிக்கொண்டு எழுதுகிறேன். தபாலை நம்பி இருக்க முடியாது. என் ரூமில் இருக்கும் இரத்தினசிங்கம் நாளைக்கு லீவில் வருகிறார். கொழும்பில் இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே முல்லைத்தீவுக்கு வந்து இதை உம்முடைய கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உம்முடைய கடிதங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஒன்றில் கிணறு வெட்டும்போது பழைய கல் வந்த புதினம். மற்றதில் ஆமிப் பட்டாளம் வந்து எல்லோரையும் எழும்பிப் போகச் சொன்ன செய்தி. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாய் வாசித்து எனக்குத் தலை சுற்றிவிட்டது.

உம்முடைய அண்ணரை என்ன செய்வதென்று தெரியவில்லை. பூவேலை செய்த கல்லொன்று வந்தால், அதை வேலியோரம் போட்டுவிட்டுக் கிணற்றை அல்லவா வெட்டவேண்டும்? அவர் அதைக் கழுவிச் சந்தனம் பூசி, எங்கள் முன்னோர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னரே இங்கே இருந்ததற்குச் சாட்சி என்று கொழும்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார். வந்து பார்த்த சிங்கள அதிகாரிகள் அது தங்கள் முன்னோருடையது என்று பலகை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லுக்கென்ன, யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு கிடக்கும்.

அண்ணர் அசையக் கூடாது என்கிறார், நான் போகவா இருக்கவா என்று கேட்டிருக்கிறீர். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என்னோடு ஸ்டோரில் டியூட்டி செய்யும் மூசாவைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். பலஸ்தீனத்து ஆள். உம்முடைய கடிதங்களில் இருந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் அரபியிலும் அவருக்குச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டார். தங்கள் ஊரிலும் எங்கே தோண்டினாலும் ஏதாவது வருமாம். யூதர்களின் பழைய ராசாக்கள் காலத்துப் பானையும் வருமாம், அவருடைய பாட்டன் கட்டிய கிணற்றுக் கட்டும் வருமாம். அந்தப் பானைகள் பொய்யென்று தான் சொல்லவில்லை என்றார். யூதர்கள் உலகமெல்லாம் சிதறிக் கிடந்தும் இரண்டாயிரம் வருஷமாய் அந்தத் திசையைப் பார்த்தே கும்பிட்டவர்கள். ஐரோப்பாவில் குடும்பம் குடும்பமாய்க் கொன்றபோது, வாருங்கள் என்று கதவு திறந்தவர்கள் குறைவு. எல்லாம் தனக்குத் தெரியும், ஆனால் தன் தாயின் குசினி அடுப்படியில்தானா வந்து குடியேற வேண்டும் என்று கேட்டார்.

சண்டை ஊருக்குள் வந்த அன்று அவருடைய தாய் மறுநாள் சமையலுக்குக் கடலையை ஊறப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பக்கத்து ஊருக்கு நடந்தாவாம். வெடிச்சத்தம் ஓய்ந்ததும் திரும்புகிற எண்ணம். முப்பத்தாறு வருஷமாகிவிட்டது. போன வருஷம் அகதி முகாமில் சாகும் வரைக்கும், அந்தக் கடலை பொங்கி வழிந்திருக்குமே என்று சொல்லிக்கொண்டே இருந்தாவாம்.

அதைக் கேட்டதும் நான் ரூமுக்கு வந்து, என்ன நடந்தாலும் காணியை விட்டு அசையாதேயும் என்று உமக்கு எழுதி உறையும் ஒட்டிவிட்டேன். இன்று காலை மூசாவிடம் சொன்னேன். மனிதன் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். வீட்டோடு நின்ற தன் பெரியப்பா குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "அம்மா கடலையை விட்டாள். என்னை விடவில்லை."

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். எனக்குப் பயமாய் இருக்கிறது, கமலேஸ்வரி. நான் பாலைவனத்தில் ஏசி ரூமுக்குள் இருந்துகொண்டு உம்மைக் காணிக்குக் காவல் நிற்கச் சொல்ல இருந்தேனே.

போம். இரத்தினசிங்கம் நிற்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நெல்லியடியில் அக்கா வீட்டுக்குப் போம். அண்ணரின் காலில் விழுந்தாவது அவரையும் கூட்டிக்கொண்டு போம். காணி உறுதிப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் இடுப்பில் கட்டிக்கொள்ளும். மாட்டை அவிழ்த்துவிடும். கல் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். நாளைக்கு அந்த மண்ணில் யாரும் தோண்டினால் எங்கள் அம்மியும் வரும். அது யாருடைய முன்னோருடையது என்று அவர்கள் அப்போது சண்டை பிடிக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு தந்தி அடியும். அது வரும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. முருகன் வழித்துணையாய் வருவான். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இன்னுமொன்று. சின்னவள் தோசை கேட்டு அழுதாலும், புறப்படுகிற அன்றைக்கு உழுந்து ஊறப் போடாதேயும்.

என்றும் உம்முடைய,
தியாகராசா